கூரை ஜலமும் கொல்லைக் கீரையும்

சின்னமனூர்க் கடைத்தெருவில் நின்று மலைப்பக்கம் பார்த்தால், மேகமலையின் முகட்டில் மேகம் கவிந்திருப்பதைக் காணலாம். அங்கே பெய்யும் மழை ஓடைகளாக இறங்கித்தான் கீழேயுள்ள வயல்கள் வாழ்கின்றன. 2021ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைக் காடுகள் புலிகள் காப்பகமானபோது, வைகைக்கு நீர் தரும் மலைகளும் அந்தக் காப்புக்குள் வந்தன. மலையில் விழும் ஜலத்துக்கு இவ்வளவு மரியாதை! நம் கூரையில் விழும் ஜலத்துக்கோ சாக்கடையே கதி. மழை ஓய்ந்த மறுவாரம் குடத்துக்கு இவ்வளவு என்று ஜலத்தை விலைக்கு வாங்குகிறோம்.

சற்றுக் கணக்குப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லிட்டர். 500 சதுர அடி மொட்டைமாடி சுமார் 46 சதுர மீட்டர். ஒரு நாள் 20 மில்லிமீட்டர் பெய்தால் 920 லிட்டர். சிந்தியதும் சிதறியதும் போக 700 லிட்டராவது தேறும். முதல் மழையை மாடி கழுவ விட்டுவிட்டு, அடுத்ததைத் துணியால் வடிகட்டித் தொட்டியில் சேர்த்து மூடி வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. குழாய் பல வீடுகளில் இருக்கிறது. அதிலுள்ள சருகை எடுப்பாரைத்தான் காணோம்.

ஜலம் இருந்தால் கீரை பெரிய காரியமன்று. உடைந்த தொட்டியோ, பழைய வாளியோ போதும். அடியில் துளையிட்டு, செம்மண், மணல், மக்கிய சாணம் மூன்றையும் சமமாகக் கலந்து நிரப்பிச் சிறுகீரை விதையைத் தூவினால், ஒரு மாதத்துக்குள் பறிக்கலாம். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் தழைக்கும். அரிசி களைந்த நீர் கீரைக்கு. சோப்பு நீர் வாழைக்கு. காய்கறித் தோலும் சருகும் மாறி மாறி அடுக்கினால் எரு ஆகிவிடும்.

இவற்றையெல்லாம் செய்து, மிச்சமான காசைச் சென்ற ஆண்டு ஒரு நோட்டில் பெருமையுடன் குறித்து வந்தோம். ஒரு நாள் அதைப் புரட்டிப் பார்த்த நம் இல்லத்தரசி, "வரவில் கீரையை எழுதியிருக்கிறீர்கள். தினம் இரண்டு வேளை குடத்தோடு நான் மாடிப்படி ஏறியதைச் செலவில் எழுதினீர்களா?" என்று கேட்டாள். நமக்கு வாய் அடைத்துவிட்டது. திட்டம் போட்டது நாம், பரீட்சைத் தாள்கள் வந்ததும் மறந்ததும் நாம், சுமந்தது அவள்.

அப்போது ஸ்ரீ ஜே. ஸி. குமரப்பாவின் நினைவு வந்தது. தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை கற்று, மகாத்மாவின் கிராமக் கைத்தொழில் சங்கத்துக்காக 1934 முதல் உழைத்தவர் அவர். கடைசிக் காலத்தை மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனத்தில் கழித்து, 1960இல் காலமானார். ஒரு பண்டத்தின் விலையை மட்டும் பாராமல், அதன் பின்னே யாருடைய உழைப்பு இருக்கிறது, யாருக்கு அநீதி இழைக்கப்பட்டது என்றும் பார்க்க வேண்டும் என்று போதித்தவர். அந்தத் தணிக்கையாளர் நம் நோட்டைப் பார்த்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.

இப்போது தொட்டிகள் சமையலறை வாசலுக்கு இறங்கிவிட்டன. மழைத் தொட்டியின் அடியில் ஒரு குழாய் வைத்தாயிற்று. காலையில் ஜலம் விடுவது பையன் பொறுப்பு. எருக்குழியைக் கிளறுவதும் மாடிக்குழாயின் சருகை எடுப்பதும் நம் ஞாயிற்றுக்கிழமை வேலை. கீரை முன்னைவிடச் சற்றுக் குறைவுதான். ஆயினும் கணக்கு நேராகிவிட்டது.

வீட்டிலேயே விளைவித்து வீட்டிலேயே உண்பது சுயராஜ்யத்தின் அரிச்சுவடி. ஆனால், ஒருவர் சுமக்க மற்றவர் மிச்சம் பிடிப்பதற்குச் சிக்கனம் என்று பெயரில்லை. தோட்டம் போட நினைக்கும் அன்பர்கள் விதை வாங்குமுன், ஜலம் ஊற்றப் போகிறவர் யார் என்பதை வீட்டில் கூடிப் பேசித் தீர்மானிப்பார்களாக.