மாத்திரையும் தேத்தண்ணியும்



சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதிய ஒரு பிள்ளை இப்போது வைத்தியத் துறையில் படிக்கிறாள். களப்பயிற்சிக்காக மஸ்கெலியாவுக்கு அப்பால் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய் வந்தவள், தன் உம்மாவுடன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் சொன்ன ஒரு சம்பவத்தை உங்களிடம் சொல்லாமலிருக்க மனம் கேட்கவில்லை.

நல்லதண்ணி, பாவா ஆதம் மலைக்கு ஏறுவோர் வந்திறங்கும் அடிவாரம். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை அங்கே யாத்திரிகர் கூட்டம். கூட்டம் கலைந்தால் மழையும் தேயிலையும் லயங்களும்தான்.

கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குக்கு ஆறு மாதக் கர்ப்பிணி ஒருவர் வந்திருக்கிறார். கொழுந்து பறிப்பவர். கர்ப்பிணியின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை என்பார்கள். அவருக்கு அதைவிட மிகவும் குறைவு. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் கூடவில்லை.

"மாத்திரை போடுறீங்களா?"

"போடுறேன் மிஸ்."

"போட்டா ஏன் கூடல்ல? பொய் சொல்லாதீங்க!"

இப்படி அதட்டியவள் நம் பிள்ளைதான். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார்.

நம் நாட்டில் வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரை, அதாவது மிட்வைஃபை, நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து வளர்ந்து வந்த ஏற்பாடு இது. சுமார் 3,000 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. அடுத்த வாரம் அந்த மிட்வைஃபுடன் இவளும் லயத்துக்குப் போனாள்.

மாத்திரைகள் கணக்காகக் குறைந்திருந்தன. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை! ஆனால் விடியற்காலைக் குளிரில் அடுப்பில் கொதிப்பது சாயத் தேத்தண்ணி ஒன்றுதான். அதைக் குடித்துத்தான் மாத்திரையை விழுங்கியிருக்கிறார். தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. மலை முழுவதும் தேயிலை பறிக்கின்ற பெண்ணுக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

கிளினிக்கில் கொடுத்த திரிபோஷாவை என்ன செய்தீர்கள் என்று கேட்டால், மூன்று பிள்ளைகளுக்கும் பிசைந்து கொடுத்துவிட்டாராம். "பிள்ளைங்க பார்த்துக்கிட்டு நிக்கையில நான் மட்டும் எப்படி மிஸ் திங்கிறது?" என்றார். போன தடவை கிளினிக்குக்கு ஏன் வரவில்லை? அன்றைக்கு வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது. பேர் விழாவிட்டால் கூலி இல்லை.

மாத்திரையை இரவில் கொதித்தாறிய நீருடன் போடும்படி மிட்வைஃப் சொன்னார். சோற்றுடன் தேசிக்காய் பிழிந்து சாப்பிடச் சொன்னார். கடைசிக் குழந்தையை நிறுத்துப் பார்த்தார். எடை குறைவு. அந்தக் குழந்தையின் பெயரிலும் திரிபோஷா கிடைக்க ஒழுங்கு செய்தார். அடுத்த மாதம் இரத்தம் கொஞ்சம் கூடியிருந்தது. கூலியைக் கூட்ட அவர்கள் இருவராலும் முடியவில்லை. அது பெரியவர்கள் தீர்க்கவேண்டிய காரியம்.

மாணவர்களை இப்படிப் பழக்குவது வேறு நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 1996இல் ரெபெக்கா ஓனி என்ற கல்லூரி மாணவி ஒரு திட்டத்தைத் தொடங்கினார். நோயாளிக்கு மருந்தோடு உணவும் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க வழியும் தேவை என்று வைத்தியர் எழுதுவார். அவை எங்கே கிடைக்கும் என்று தேடி ஒழுங்கு செய்து கொடுப்பது மாணவர்களின் வேலையாக இருந்தது. மனிதர் பிறந்து, வளர்ந்து, உழைத்து வாழும் நிலைமையே அவர்களுடைய ஆரோக்கியத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணைக்குழுவும் 2008இல் சொன்னது.

"அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டாயா மகள்?" என்றேன்.

"கேட்டேன் ஹஸரத். 'அதுக்கென்ன மிஸ்' என்று சொல்லி எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்" என்றாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது.

சகோதரிகளே! நோயாளியை நலம் விசாரிப்பது நம்மீதுள்ள கடமை. நாமும் பிஸ்கட்டும் பழமும் வாங்கிக்கொண்டு போகிறோம். "சீனியைக் குறைக்கல்லையா? மருந்தை ஒழுங்காகக் குடிக்கல்லையா?" என்று குற்றம் பிடித்துவிட்டு வருகிறோம். அது நலம் விசாரிப்பதா, விசாரணை நடத்துவதா? இனிமேல் போகும்போது, வீட்டில் சமைப்பது யார், பிள்ளைகளைப் பார்ப்பது யார், கிளினிக்குப் போக பஸ் காசு இருக்கிறதா என்று இதமாகக் கேளுங்கள். கிளினிக் நாளில் அவருடைய பிள்ளையை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் மருந்துதான்.

நம் வீடுகளிலும் சோறு தின்ற கையோடு தேத்தண்ணி குடிக்கும் வழக்கம் உண்டு. இரும்புச்சத்து மாத்திரை போடுகிறவர்கள் ஓரிரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

நோயுற்ற யாவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக. ஆமீன்.