'அழிந்த இனம்' என்று எவன் சொன்னது?

1492 அக்டோபர் 12இல் பஹாமாஸ் தீவுகளில் ஒன்றான குவானஹானியில் கொலம்பஸ் கால் வைத்தான். அங்கே சனம் இருந்தது, தீவுக்குப் பேரும் இருந்தது. அப்புறம் என்னய்யா 'கண்டுபிடிப்பு'?

அராவாக் மொழிக் குடும்பத்துத் தாய்னோ மக்கள் தண்ணீர் கொடுத்து வரவேற்றார்கள். ஐம்பது ஆள் போதும், இவர்கள் அத்தனை பேரையும் அடக்கி வேலை வாங்கலாம் என்று அவன் நாட்குறிப்பில் கணக்குப் போட்டான். 1495இல் எஸ்பானியோலா தீவில் தங்க வரி வந்தது. தங்கம் கிடைக்கிற பகுதிகளில் பதினான்கு வயது தாண்டிய ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒருதரம் கட்டியாக வேண்டும். பிறகு மனிதர்களையே பங்கு பிரித்துச் சுரங்கத்துக்கு ஓட்டினார்கள். எதிர்த்து நின்ற அத்துவேயை 1512இல் கியூபாவில் உயிரோடு எரித்தார்கள்.

'அம்மைதான் கொன்றது' என்று சப்பைக்கட்டு கட்டுகிறார்கள். அந்தத் தீவில் பெரியம்மை பரவியதாகப் பதிவானது 1518இல்தான். 1514இல் பங்கு பிரிக்கும்போதே மிச்சமிருந்தவர்கள் சுமார் 26,000 பேர்!

'அழிந்த இனம்' என்பது யாருக்கு வசதி? அழிந்தவன் நிலம் கேட்க மாட்டான். ஆனால் கயானாவிலும் சூரிநாமிலும் அராவாக் மக்கள் வாழ்கிறார்கள். தாய்னோ வழி வந்தவர்கள் நாங்கள் என்று போர்ட்டோ ரிக்கோவில் குரல் எழுகிறது.

தோழர்களே, 'அழிந்தார்கள்' என்ற சொல்லில் கொலைகாரன் ஒளிந்துகொள்கிறான். 'அழித்தார்கள்' என்றே எழுதுங்கள்.