நூற்றுப் பத்து நிமிடங்கள்

மகளிர் ஆட்டம் உடலுக்கு எளிது என்பவர்கள் 2017 கிளாஸ்கோ உலக பாட்மின்டன் இறுதிப் போட்டியைப் பார்க்க வேண்டும். நொசோமி ஒகுஹாராவும் பி.வி.சிந்துவும் 110 நிமிடங்கள் மோதினார்கள். இரண்டாவது கேமை முடித்துவைத்த புள்ளிக்காக மட்டும் இறகுப்பந்து 73 முறை அடிக்கப்பட்டது. ஒவ்வொரு அடிக்கும் முழங்காலை மடக்கி முன்னே பாய வேண்டும், உடனே பின்வாங்கி எகிற வேண்டும். ஆண்களின் ஸ்மாஷ் வேகம் அதிகம்தானே என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரே அடியில் புள்ளி முடியாதபோது ரேலி நீள்கிறது. அந்தச் சுமையும் கால்கள்மீதே விழுகிறது. டென்னிஸில் பெண்கள் மூன்று செட்தானே ஆடுகிறார்கள் என்பது அடுத்த வாதம். அது அமைப்பாளர்கள் வகுத்த விதி, உடலின் எல்லை அல்ல. 1984 முதல் 1998 வரை மகளிர் டென்னிஸ் சுற்றின் ஆண்டிறுதித் தொடரின் இறுதி ஆட்டத்துக்கு ஐந்து செட் முறை இருந்தது. பாட்மின்டன் ஒற்றையரிலும் ஒருகாலத்தில் ஆண்களுக்கு 15, பெண்களுக்கு 11 புள்ளிகள். 2006இல் இருவருக்கும் 21 ஆனது. பெண்கள் தளர்ந்துவிடவில்லை.

தளரவைப்பது ஓய்வில்லாத அட்டவணை. 2016 ஒலிம்பிக் பாட்மின்டன் சாம்பியன் கரோலினா மரினின் முழங்கால் 2019, 2021, 2024 என மூன்று முறை பழுதானது. கடைசி முறை பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில், முன்னிலையில் இருந்தபோது. காயத்துக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆயினும் முன்னணி வீராங்கனைகள் பெரிய தொடர்களில் கட்டாயம் ஆட வேண்டும், தக்க காரணமின்றி விலகினால் அபராதம் என்ற விதியை உலகக் கூட்டமைப்பு தளர்த்தியே ஆக வேண்டும்.