ஃபங்ஷனைக் காணோம்!

குன்னூரில் ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்டால் இரண்டு காரியம்தான் செய்யலாம். வர்க்கியைக் கடித்து டீ குடிக்கலாம். அல்லது, பாதையில் மண் சரிந்து மலை ரயில் நின்றுபோச்சே என்று கவலைப்படலாம். நான் இரண்டையும் ஒரே சமயத்தில் செய்துகொண்டிருந்தபோது போன்.

"சார், ஃபங்ஷனைக் காணோம் சார்!"

"என்ன ஃபங்ஷன்? காதுகுத்தா, வளைகாப்பா?"

"கம்ப்யூட்டர் ஃபங்ஷன் சார். நேத்து வரைக்கும் இருந்துச்சு."

பேசியவர் அருகில் ஒரு தேயிலை ஃபாக்டரியில் கிளார்க். நண்பனின் மைத்துனர். கம்ப்யூட்டர் பற்றி எழுதுகிறவனுக்கு ரிப்பேரும் தெரியும் என்பது நம் ஊரின் அசைக்க முடியாத மூடநம்பிக்கை. அரை மணியில் ஜீப் வந்துவிட்டது.

ஃபாக்டரி வராந்தாவில் முப்பது பேர் குடையும் கம்பளித் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார்கள். சிறு விவசாயிகள். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள். அன்றைக்கு மாதக் கொழுந்துப் பணம் கொடுக்கும் நாள்.

இந்தக் கணக்கு கொஞ்சம் சூட்சுமமானது. நாலு, நாலரை கிலோ பசுந்தேயிலை போட்டால்தான் ஒரு கிலோ தூள் கிடைக்கும். மழை நாளில் பறித்த கொழுந்தில் தண்ணீரும் சேர்ந்து தராசில் ஏறும். அதற்கு ஒரு கழிவு உண்டு. கழித்தது போக நிகர எடை. அதை மாத விலையால் பெருக்கினால் பணம். விலை விஷயத்தில் தேயிலை வாரியம் மாதாமாதம் குறைந்தபட்ச விலை அறிவிக்கிறது. ஆனால் கழிவு விஷயத்தில் ஃபாக்டரிக்கு ஒரு வழக்கம்.

அந்த வழக்கத்தைத்தான் ஒரு ஃபங்ஷனாக எழுதி வைத்திருந்தார்கள். கூட்டல், சராசரி, ரவுண்ட் பண்ணுவதெல்லாம் டேட்டாபேஸ் கூடவே வரும். இவர்கள் வைத்திருந்தது மைசீக்வல். ஃபின்லாந்துக்காரர் மான்டி விடேனியஸ், மூத்த மகள் 'மை' பெயரையே அதற்கு வைத்தார். அவருக்கு மகள் பாசம் தெரியும். குன்னூர் மழையில் கொழுந்துக்கு எவ்வளவு கழிப்பது என்று தெரியுமா? ஆகவே நம் தேவைக்கு நாமே எழுதிக்கொள்ளலாம் என்று வசதி வைத்தார்கள். மைசீக்வலில் அது 2005-ல், ஐந்தாம் பதிப்போடு வந்தது.

திரையில், இன்ன டேட்டாபேஸில் இன்ன ஃபங்ஷன் கிடையாது என்று ஒற்றை வரி.

இந்த மாதிரி சமயத்தில் முதலில் பதறக் கூடாது. இரண்டாவது, மெசேஜை முழுசாகப் படிக்கவேண்டும். நம் ஆட்கள் பாதி படித்ததுமே ரீஸ்டார்ட் பண்ணப் போய்விடுகிறார்கள்.

இல்லை என்பதில் பல தினுசு உண்டு. ஒரு ஹட்டிக்குப் போய் "ராஜு வீடு எது?" என்று கேட்டால் "எந்த ராஜு?" என்பார்கள். மைக்ரோசாஃப்ட்டின் சீக்வல் சர்வர் அந்த ரகம். ஃபங்ஷன் பெயருக்கு முன்னால் 'டிபிஓ' என்கிற மாதிரி வீட்டுப் பெயரையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், எதிரில் நிற்கிறவனையே தெரியாது என்று சாதிக்கும். போஸ்ட்கிரஸ் இன்னும் கறார். எண் கொடுக்கவேண்டிய இடத்தில் எழுத்தைக் கொடுத்தால், "அப்படி ஒரு ஃபங்ஷனே கிடையாது" என்று சொல்லிவிடும். மாப்பிள்ளை இருக்கிறார், நீங்கள் கொண்டுபோன ஜாதகம்தான் தப்பு.

எழுத்துப் பிழை பார்த்தேன். இல்லை. வேறு டேட்டாபேஸில் தேடுகிறதா? இல்லை. அனுமதிக் குறைவா? அதற்கு "அனுமதி மறுக்கப்பட்டது" என்று வேறு மெசேஜ் வரும். கடைசியில் 'ஷோ ஃபங்ஷன் ஸ்டேட்டஸ்' போட்டுப் பார்த்தேன். அங்கே இவர்களுடைய ஃபங்ஷன் ஒன்றுகூட இல்லை.

"தம்பி, நேத்து என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணுமே பண்ணலைங்க சார்."

ஆபீஸ்களில் 'ஒண்ணுமே பண்ணலை' என்றால் பெரிதாக ஏதோ பண்ணியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"கம்ப்யூட்டரை மட்டும் மாத்தினோம்."

பழையதில் பேக்கப் எடுத்துப் புதியதில் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு எரர்கூட வரவில்லையாம். வராது. மைசீக்வல்டம்ப் என்கிற பேக்கப் கட்டளை டேபிள்களை எடுக்கும், ட்ரிகர்களை எடுக்கும். நாம் எழுதிய ஃபங்ஷன்களை, 'ரூட்டீன்ஸ்' என்று தனியாகச் சொன்னால்தான் எடுக்கும். வீடு மாற்றும்போது பீரோவை ஏற்றிவிட்டுப் பாட்டியை விட்டுவிட்டு வருகிற மாதிரி.

இதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். "விடுங்க சார். இந்த மாசம் எல்லாருக்கும் பத்து பர்சன்ட் கழிச்சுப் போட்டுடலாம்."

ஜன்னலுக்கு வெளியே இருந்த ஒரு அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. "நான் வெயில்ல பறிச்சு வெயில்லயே கொண்டாந்தேனுங்க. எனக்கு எதுக்குங்க கழிக்கணும்?"

மேனேஜர் பதில் சொல்லவில்லை. நானும்தான். அடுத்த வாரம் பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டவேண்டும் என்று அந்த அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

பழைய கம்ப்யூட்டர் கோடவுனில், காலிச் சாக்குகளுக்கு நடுவில் தேயிலைத் தூசி மூடிக் கிடந்தது. நல்லவேளை, எடைக்குப் போடவில்லை. தும்மிக்கொண்டே உயிர் வந்தது. ரூட்டீன்ஸ் சேர்த்து பேக்கப் எடுத்துப் புதியதில் ஏற்றினேன்.

இப்போது வேறு மெசேஜ்: இதை உருவாக்கியவராகக் குறிப்பிட்ட பயனாளி இங்கே கிடையாது.

மைசீக்வலில் ஃபங்ஷன், எழுதினவர் பெயரைத் தன்னோடு வைத்திருக்கும். வேறு மாதிரி சொல்லாவிட்டால் அவருடைய அதிகாரத்தில்தான் ஓடும். எழுதியவர் பழைய கணக்கர். சில வருஷம் முன்னால் ரிட்டயர் ஆகிக் கோத்தகிரிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார். புதுக் கம்ப்யூட்டரில் அவருக்குக் கணக்கு இல்லை.

ஆபீஸ் கணக்கின் பெயரில் மறுபடி உருவாக்கினால் தீர்ந்தது. அதற்கு முன்னால் உள்ளே என்ன எழுதியிருக்கிறார் என்று படித்தேன். மழை நாளுக்கு ஒரு விகிதம், பனிக்கு ஒரு விகிதம், வெயிலுக்குக் கழிவு இல்லை. அதற்கும் மேலே முதல் வரியாக ஒன்று: பத்து கிலோவுக்குக் குறைவாகக் கொண்டுவந்தால், எந்த நாளானாலும் கழிக்காதே.

மேனேஜருக்கு இந்த வரி தெரியாது. எந்த ரெஜிஸ்டரிலும் கிடையாது. அந்த ஒரு ஃபங்ஷனில்தான் இருந்தது.

மரியாதைக்கு ஒரு போன் போட்டேன். "ஐயா, உங்க பேரை எடுத்துட்டு ஆபீஸ் பேரைப் போடறோம். வருத்தப்படக் கூடாது."

"இதுல என்னங்க தம்பி இருக்கு? தாராளமா எடுத்துருங்க" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அந்தப் பத்துக் கிலோ வரியை மட்டும் எடுத்துராதீங்க" என்றார்.

மேனேஜரைப் பார்த்தேன். "இருக்கட்டும் சார்" என்றார்.

நாலு மணிக்குப் பட்டுவாடா ஆரம்பமானது. உங்கள் ஆபீஸ் பேக்கப்பில் ஃபங்ஷன்கள் இருக்கிறதா என்று நாளைக் காலை முதல் வேலையாகப் பாருங்கள். எனக்குப் போன் பண்ணவேண்டாம். மலை ரயில் விட்டுவிட்டார்கள்.