மல்லிகைக்கு வேண்டியது வெயில்

பங்குனி பிறந்துவிட்டால் மாட்டுங்கா பூக்கடைகளில் குண்டுமல்லி குவிந்துவிடும். மராத்தியர் அதை மோகரா என்பார்கள். வெள்ளிக்கிழமை மாலையில் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் அங்கே பூ வாங்க வருகிற தமிழ்க் குடும்பங்கள் அநேகம். ஊரில் கிணற்றடியில் சும்மா பூத்ததை இங்கே முழம் போட்டு வாங்கவேண்டியிருக்கிறதே என்ற அங்கலாய்ப்பும் கூடவே வரும்.

வீட்டிலேயே வளர்த்தால் என்ன என்று கேட்டால், "இடம் எங்கே?" என்பதுதான் பதில். பத்துக்குப் பத்து கோலியில் பாய் விரிக்கவே இடமில்லை என்பது உண்மையே. ஆனால் குண்டுமல்லி அதிக இடம் கேட்கிற செடி அல்ல. பழைய எண்ணெய் டின் ஒன்று போதும். மண்தொட்டிதான் வேண்டுமென்றால் தாராவிக்குள்ளேயே கும்பார்வாடா இருக்கிறது. சௌராஷ்டிரத்துக் குயவர்கள் தலைமுறைகளாகச் சக்கரம் சுற்றும் இடம்.

நாற்றை ஊருக்குப் போகிறவர்கள் கொண்டு வரலாம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கே ராமேசுவரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்துதான் நாற்று போகிறது. வேரை ஈரச் சாக்கில் சுற்றினால் ரயில் பயணத்தைத் தாங்கும்.

ஒருமுறை வைத்தால் பல ஆண்டு பூக்கும். டின்னின் அடியில் துளைகள் கட்டாயம் வேண்டும். மும்பை மழை ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது, தண்ணீர் வடியாவிட்டால் வேர் அழுகிவிடும். கோடையில் குழாய்த் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற யாருக்கும் மனம் வராது. அரிசி களைந்த நீரை ஊற்றலாம், சோப்புத் தண்ணீர் ஆகாது. நவம்பர் கடைசியில் ஒன்றரை அடி விட்டு மேலே உள்ளதை வெட்டிவிட வேண்டும். இதற்குத்தான் வீட்டுப் பெண்கள் சம்மதிப்பதில்லை! பூ வருவதோ புதுத் தளிரில். வெட்டாத செடி வெறும் இலையாக நிற்கும்.

இத்தனையும் செய்தும் பூக்காத செடிகள் உண்டு. காரணம் வெயில். நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் நேர்வெயில் படாவிட்டால் மல்லிகை மொட்டு வைக்காது. தாராவிச் சந்துகளில் மேல்மாடிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்பதால் உச்சிவேளையிலும் விளக்கெரிகிறது. அங்கே டின்கள் ஏணியேறித் தகரக் கூரைக்குப் போய்விட்டன. செம்பூர் மாடி வீடுகளில் ஜன்னல் கம்பிக்கூண்டில் வைக்கிறார்கள். சொட்டும் தண்ணீருக்காகக் கீழ்வீட்டாரோடு சண்டை தனிக்கதை.

இப்போது தாராவி முழுவதும் பேச்சு மறுசீரமைப்பைப் பற்றித்தான். 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் எடுத்த திட்டத்தில், தாராவியிலேயே வீடு பெறத் தகுதியுள்ள குடும்பத்துக்கு 350 சதுர அடி என்கிறார்கள். யாருக்குத் தகுதி, யாரை எங்கே அனுப்புவார்கள் என்ற கவலை நியாயமானது. ஆனால் வீட்டுக்குள் வெயில் வருமா என்று கேட்பவர் அரிது. மான்குர்டு, கோவண்டி பக்கம் நெருக்கி நெருக்கிக் கட்டிய மறுகுடியமர்வுக் கட்டடங்களில் வெளிச்சமும் காற்றும் குறைந்திருப்பதைக் காசநோயோடு தொடர்புபடுத்தி 2018-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மல்லிகை பூக்காத ஜன்னலருகேதான் குழந்தைகளும் படுக்கப் போகிறார்கள்.

ஆகவே கூட்டங்களுக்குப் போகிறவர்கள் சதுர அடியோடு இன்னும் இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்கவேண்டும். ஜன்னல் எந்தத் திசை பார்க்கிறது? எதிர்க் கட்டடம் எத்தனை அடி தள்ளி நிற்கும்? வரைபடத்தில் காட்டச் சொல்லவேண்டும். மூன்றாம் மாடிக்கும் இருபதாம் மாடிக்கும் பதில் வேறாக இருக்கும் என்பதால், தங்கள் மாடிக்கே கேட்கவேண்டும். வீடு ஒதுக்கிச் சாவி கொடுத்தபின் கேட்டுப் பயனில்லை.