ஓராண்டுச் சேவையில் கிடைப்பது

ஜெர்மனியில் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் முதியோர் இல்லத்திலோ மருத்துவமனையிலோ மாற்றுத்திறனாளிகள் விடுதியிலோ ஓராண்டு தொண்டு செய்யலாம். 1964-இலேயே இதற்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. காரித்தாஸ் போன்ற தொண்டு அமைப்புகள் இவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. சம்பளம் கிடையாது, கைச்செலவுக்குப் பணமும் சமூகக் காப்பீடும் உண்டு. ஆண்டுக்கு 25 நாள் வகுப்புகளும் நடக்கும். ஆனால் பெரிய பாடம் படுக்கையருகில்தான். பக்கவாதம் வந்த முதியவருக்குச் சூப் ஊட்டும்போது, முதல் வாய் தொண்டையில் இறங்கும்வரை அடுத்த கரண்டியை நீட்டக்கூடாது, அவசரப்பட்டால் புரையேறிவிடும். உடம்பைத் துடைப்பதற்கு முன் "துடைக்கலாமா?" என்று கேட்க வேண்டும். அடுத்தவர் உடலுக்குக் காட்டும் இந்த மரியாதை பதினெட்டு வயதில் கைவருவது சாதாரண விஷயமல்ல. செவிலியர் பணி தங்களுக்குச் சரிப்படாது என்று சிலர் கண்டுகொள்கிறார்கள். அதுவும் ஆதாயமே, தவறான படிப்பில் வீணாகும் ஆண்டுகள் மிஞ்சும். மருத்துவப் படிப்பில் இடம் ஒதுக்கும்போது இந்தச் சேவையைக் கணக்கில் கொள்ளும் பல்கலைக்கழகங்களும் உண்டு. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இந்தத் தொண்டர்கள் உதவிக்கு வருபவர்கள். ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க இவர்களை முழுநேர ஊழியராக்கும் இல்லத்தில் வேலை நடக்கும், பயிற்சி நடக்காது.