தூத்துக்குடிக்கு ஓர் இலத்தீன் வகுப்பு

தூத்துக்குடியை உள்ளடக்கிய முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு 1547-இல் வந்த போர்ச்சுக்கீசிய இயேசு சபைக் குரு அன்றீக் அடிகளாருக்குத் தொடக்கத்தில் துபாஷி இல்லாமல் வேலை நடக்கவில்லை. பிறகு தமிழை அவர் வசப்படுத்தியதில் இலத்தீன் இலக்கணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பெயருக்கு வேற்றுமை, வினைக்குக் காலம், இடம் என்று ஏற்கெனவே பழகியிருந்த வாய்பாடுகளைத் தமிழுக்குப் பொருத்திப் பார்த்தார். சில ஆண்டுகளிலேயே தமிழுக்கு ஓர் இலக்கணமும் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ நூலை அச்சிட்டவரும் அவர்தான். 1600-இல் புன்னைக்காயலில் காலமானார்.

அவர் வந்த வழியில் எதிர்த்திசையில் போக இந்தக் கடற்கரைப் பிள்ளைகளால் முடியும். தமிழ் இலக்கணம் தெரிந்தவர்களுக்கு இலத்தீன் அவ்வளவு அந்நியமான மொழி அல்ல.

‘நாவ்தா மார்கரீத்தம் விதெத்’ என்றால் ‘மாலுமி முத்தைக் காண்கிறான்’. ‘மார்கரீத்தா’ என்ற முத்து, செயப்படுபொருளானதும் ‘மார்கரீத்தம்’ ஆகிறது. நம் ஐ உருபின் வேலைதான். சொற்களை இடம் மாற்றி ‘மார்கரீத்தம் நாவ்தா விதெத்’ என்றாலும் பொருள் கெடுவதில்லை, ‘முத்தை மாலுமி காண்கிறான்’ என்பதைப் போலவே. ‘காண்கிறேன், காண்கிறாய்’ என்று விகுதியே ஆளைக் காட்டிக்கொடுப்பதுபோல அங்கே ‘விதெயோ, விதேஸ்’. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்கள் மாதக்கணக்கில் திணறும் இடம் இது. எட்டு வேற்றுமையைப் பள்ளியிலேயே படித்த மாணவி சீக்கிரம் பிடித்துக்கொள்வாள்.

சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. ‘முத்துகளை’ என்பதில் கள் தனி, ஐ தனி. இலத்தீனிலோ பன்மையும் வேற்றுமையும் ஒரே விகுதியில் கலந்து ‘மார்கரீத்தாஸ்’ ஆகிவிடும். பெயர்ச்சொற்கள் ஐந்து வகை. வகைக்கு வகை விகுதி மாறும். மேசைகூடப் பெண்பால். இவற்றை வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

எதற்கு இந்தப் பாடு? நம் வரலாற்றுக்காகத்தான். இயேசு சபையினர் இந்தியாவிலிருந்து எழுதிய கடிதங்கள் ‘தொக்குமெந்தா இந்திகா’ என்ற தலைப்பில் 18 தொகுதிகளாக ரோமில் வெளிவந்துள்ளன. 16-ஆம் நூற்றாண்டு முத்துக்குளித்துறையின் வாழ்க்கைக்கு நேரடிச் சாட்சிகள் அவற்றில் உண்டு. போர்ச்சுக்கீசியம், இலத்தீன் முதலிய மொழிகளில் இருப்பதால், பரதவர் வீட்டுப் பட்டதாரி தன் முன்னோரைப் பற்றி அறிய மொழிபெயர்ப்பாளர் தயவை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. வீரமாமுனிவர் 1728-இல் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் இன்னும் நெருக்கமான விஷயம். மரபிலக்கணங்கள் ஒதுக்கிய பேச்சுத் தமிழுக்கு விதி சொன்ன அந்த நூல் இலத்தீனில் எழுதப்பட்டு, 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் இலத்தீனில் பெயர்த்தார். தமிழாய்வாளர்கள் இவற்றை மூலத்திலேயே படித்துச் சரிபார்க்கும் நிலை வர வேண்டும். ஆங்கிலத்தின் வழியாக மட்டும் அறிந்துகொண்டிருப்பது தமிழுக்கு இழப்பு.

மீன்வளக் கல்லூரி மாணவர்களுக்கும் இதில் பயன் உண்டு. முத்துச்சிப்பிக்குப் ‘பிங்க்டாடா ஃபுகாட்டா’, சங்குக்கு ‘டர்பினெல்லா பைரம்’ என்று உருப்போடுகிறவர்களுக்கு, பெயரடையாக வரும் அடைமொழியின் விகுதி பேரினப் பெயரின் பாலுக்கேற்ப மாறும் என்ற ஒரு விதி தெரிந்தாலே பல பெயர்கள் எழுத்துப் பிழையில்லாமல் வரும்.

இலத்தீன் கோயில் மொழி, ஆதிக்கத்தோடு வந்த மொழி என்று சிலர் தயங்கலாம். இந்தக் கரையில் அது பூசை மொழியாக இருந்தது உண்மைதான். பொருள் தெரியாமலே இலத்தீன் பாட்டுகளைப் பாடிய தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் பூசை தமிழுக்கு வந்தது. அது மிக நல்ல மாற்றம். பாடியவர்களுக்குக் கிடைக்காத பொருளைப் பேரப்பிள்ளைகளாவது படித்தறிவதில் ஆதிக்கம் எங்கிருந்து வரும்?

தூத்துக்குடிக் கல்லூரி ஒன்று மாலை நேரச் சான்றிதழ்ப் படிப்பாக இதைத் தொடங்கலாம். குருமடங்களில் இலத்தீன் பயின்ற குருக்கள் பாடம் நடத்தலாம். தமிழ்த்துறை, வரலாற்றுத்துறை மாணவர்களை முதலில் சேர்க்கலாம். பாடநூலை மட்டும் ஆங்கிலத்திலிருந்து இரவல் வாங்கக் கூடாது. வேற்றுமை, விகுதி, எச்சம் என்று நம் இலக்கணச் சொற்களாலேயே அது எழுதப்பட வேண்டும். முதல் ஆண்டின் இறுதித் தேர்வில் வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கொடுத்துத் தமிழாக்கச் சொல்லலாம்.